சோறு போட்டுத் திட்டியவள்

பிப்ரவரி 4, வெள்ளி

இந்த டைரியை மகள் வடிவு ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பினாள். என் மேல் உள்ள பிரியத்தில் அல்ல. போனில் தினமும் முக்கால் மணி நேரம் அவளைத் திட்டுகிறேனாம். "மிச்சத்த இதுல எழுதும்மா" என்கிறாள். கொழுப்பெடுத்த கழுதை. ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுதக் காரணம் வந்துவிட்டது.

விலாசினி கவுன்சிலர் தேர்தலுக்கு மனு கொடுத்துவிட்டாள். சுயேச்சை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேக்கரி வாசலில் சாக்கடை ஒரு வருஷமாக வழிகிறது, நகராட்சிக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது, அதனால் தானே போய் உட்காரப் போகிறாளாம். "நீ உக்காந்தா நாற்காலி தாங்குமாட்டி" என்று கேட்டேன். "ஒன்ன மாதிரி ரெண்டு பேரத் தாங்கும் மூதி" என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து இப்படித்தான். அவள் அப்பா வாலிபத்தில் கேரளத்துப் புனலூரிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு வந்து பஜாரில் பேக்கரி போட்டார். இவள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே, கல்யாணம் வேண்டாமென்று அப்பாவைப் பார்த்துக்கொண்டு, அவர் போனபிறகு அடுப்பையும் பார்த்துக்கொண்டு இருப்பது இங்கே. அவளுக்கு நான் மலையாளத்தா. எனக்கு அவள் மூதி, சவம், பேதியில போவா, இன்னும் எழுத முடியாத நாலைந்து. பதிலுக்கு அவளும் குறை வைக்கமாட்டாள். எங்கள் பக்கம் வாங்க போங்க என்று பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஏதோ தகராறு என்றுதான் தெருவில் நினைப்பார்கள்.

சொன்னதை மாற்றி எழுதிவிட்டேன். நான் அவளை மலையாளத்தா என்பேன். அவசரத்தில் எழுதியது, அடித்துத் திருத்த மனமில்லை, புது டைரி.

பிப்ரவரி 7, திங்கள்

விலாசினிக்குச் சின்னம் அலமாரி. ஊர் முழுக்க இப்போதே 'பீரோ அக்கா' என்கிறது. அவளுக்குப் பெருமைதான்.

வீட்டில் இவருக்குத்தான் முகம் சரியில்லை. இவர் கட்சிக்காரர் இல்லை, கட்சி வாட்ஸப் குரூப்பில் இருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கட்சி சார்பில் எங்கள் வார்டில் நிற்பவர் தளவாய், காண்டிராக்டர். அந்த குரூப்பை நடத்துவது மொபைல் கடை ஜெயசிங்.

சும்மா சொல்லக்கூடாது, இவர் அந்த குரூப்புக்குப் போனபிறகுதான் கொஞ்சம் உயிரோடு இருக்கிறார். முப்பது வருஷம் பஸ் கம்பெனியில் இருந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். சங்கரலிங்கம் ஏறினால் டிக்கெட் எடுத்தவன்கூடப் பையைத் தடவிப் பார்ப்பான். ரிட்டயர் ஆனபிறகு வீட்டுக்குள் வந்தால் நான்கூட எழுந்திருப்பதில்லை. பாவம், நாளெல்லாம் ஜன்னல் வழியே போகிற பஸ்ஸைப் பார்த்து "நாலு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் செய்கிறார். "அண்ணாச்சி, சூப்பர்" என்று இருபது பேர் பதில் போடுகிறார்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் காபி குடிக்கிறார். நானும் ஒவ்வொரு ரோஜாப்பூவையும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 9, புதன்

உளுந்தஞ்சோறு வைத்தேன். மத்தியானம் வருகிறேன் என்ற விலாசினி வரவில்லை. ஒரு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு வெயிலில் சுற்றுகிறாள். ரெண்டு நாளாக டீயும் வர்க்கியும்தான் ஆகாரம் என்று அவள் கடைப் பெண் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் போட்டேன். போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வடிவு படித்தால் தனக்குக் கிடைப்பது எவ்வளவு குறைவு என்று தெரியட்டும்.

"ஏ மூதி, மலையாளத்தா, ரெண்டு நாளா ஒருவாய் சோறு திங்காம எங்கட்டி அலையுத? வீடு வீடா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கியே, வெக்கமா இல்ல? எங்க ஊருக்கு வந்து எங்க உசுர வாங்கதுக்குன்னா உங்கப்பன் ஒன்னயப் பெத்துப் போட்டான்? பேசாம உங்க ஊரப் பாத்து ஓடிப் போயிரு. இல்லன்னா இப்பமே இங்க வந்து உக்காந்து தின்னு. எள்ளுத் தொவையல் அரச்சு வச்சிருக்கேன், சவமே, ஆறிப் போவுது."

பத்து நிமிஷத்தில் ஆட்டோவோடு வந்துவிட்டாள். மூன்று தடவை சோறு வாங்கித் தின்றாள். மைக்குக்காரத் தம்பிக்கும் போட்டேன்.

அவள் போனபின் இவர் அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "ஏட்டி உலகு, ஒரு எடத்துல மூச்சு விடலயே நீ" என்றார். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பார். "எனக்கு அனுப்பி வையி" என்றார். அனுப்பினேன்.

பிப்ரவரி 10, வியாழன்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் வரவில்லை. எழுத நேரமில்லை.

பிப்ரவரி 11, வெள்ளி

காலையில் பால் வாங்கப் போனேன். பழக்கமே இல்லாத ஒருத்தி என் கையைப் பிடித்து, "நல்லா கேட்டிய அக்கா, நாக்கப் பிடுங்குத மாதிரி" என்றாள். எதைக் கேட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. அவளே போனை எடுத்துக் காட்டினாள்.

'அம்பை அலப்பறை' என்று ஒரு பக்கம். விலாசினி படத்தில் ஒரு பெட்டியைத் தலையில் வைத்து வரைந்திருக்கிறான். பின்னால் சாவுக் கொட்டு. அதன்மேல் என் குரல். "வீடு வீடா பல்லக் காட்டிக்கிட்டு" என்பதில் தொடங்கி "உங்க ஊரப் பாத்து ஓடிப் போயிரு" என்பதோடு முடிந்துவிட்டது. சோறு இல்லை. துவையல் இல்லை. மேலே சிவப்பு எழுத்தில், 'அம்பைத் தாய்மார்கள் கொதிப்பு! வந்தேறியே வெளியேறு!'

என் குரலா அது? என் குரல்தான். ஆனால் எனக்கே கேட்கப் பயமாக இருந்தது.

கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். தனியாக இருக்கிற பொம்பளை, பேக்கரிக்கு ராத்திரி யார் வருகிறான் என்று ஒருத்தன். அதற்குப் பதில் இன்னொருத்தன். நான் எழுதமாட்டேன். வாய்ச் சவடாலில் இந்த ஊரில் என்னை ஜெயிக்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன். இவன்கள் வைக்கிற சொல்லில் ஒன்றில்கூட ஒரு மனுஷி இல்லை. நான் திட்டினால் சோறு போட்டுத் திட்டுவேன். இவன்கள் யாருக்கு என்ன போட்டான்கள்?

இவரிடம் ஓடிவந்து சொன்னேன். இவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். "அப்படியா" என்றார். கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

போனை யாராவது ஹேக் செய்திருப்பார்கள். டிவியில் சொல்கிறார்களே.

பிப்ரவரி 12, சனி

விலாசினிக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. அவள் போனிலிருந்து கடைப் பெண்தான் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும், அவள் சதா போனை நோண்டுகிறவள்.

சாயங்காலம் தளவாய் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட ஜெயசிங், இன்னும் நாலு பேர். "மதினி, ஊர் மனசுல இருக்கத நீங்க சொல்லிட்டிய" என்று எனக்குப் பொன்னாடை போர்த்த வந்தார். ஜிகினா வைத்த மஞ்சள் சால்வை. நான் நைட்டியின்மேல் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன். அதைப் போட்டோ எடுக்க ஒருத்தன்.

"அது அவள சாப்பிடக் கூப்பிட்டதுய்யா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஜெயசிங், "எல்லாம் நம்ம அண்ணாச்சியாலதான் மதினி, அண்ணாச்சி மட்டும்..." என்று ஆரம்பித்தான். இவருக்கு அந்த நேரம் பார்த்து இருமல். "ஏட்டி, எல்லாத்துக்கும் காபி போடு" என்றார். உள்ளே போனேன். மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, சும்மா போட்டேன். அவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

சால்வையை அவர்கள் வண்டியிலேயே கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தேன். காபியும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

பேக்கரிக்குப் போனேன். விலாசினி கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

அதற்கு என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். நான் உட்காரவில்லை. "ஏட்டி, அந்தப் பேதியில போவானுவ வெட்டி ஒட்டிட்டானுவ, ஒனக்குத் தெரியாதா?" என்றேன்.

"வெட்டுனது தெரியுது. நீங்க எனக்கு அனுப்புனது எங்கிட்ட இருக்கு, முழுசா இருக்கு. நான் யாருக்கும் அனுப்பல. அப்போ நீங்க யாருக்கு அனுப்புனிய?"

கேள்வி அவ்வளவுதான். பதிலும் ஒரு பெயர்தான். அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போட்டவர், அவள் அப்பா செத்தபோது தோள் கொடுத்தவர். அவள் அத்தான் அத்தான் என்று கூப்பிடுகிற ஒரே ஆள். இந்தப் பஜாரில் அந்தப் பெயரைச் சொன்னால் நாளைக்கு அவர் எப்படித் தெருவில் நடப்பார்?

"யாருக்கும் இல்ல" என்றேன்.

"சரிங்க" என்றாள். அந்நேரம் ஒருத்தன் வந்து கால் கிலோ ரஸ்க் கேட்டான். அந்தப் பக்கத்தில் 'வெளியேறு' என்று எழுதியவன்களில் அவனும் ஒருத்தன், மூஞ்சியைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு நிறுத்துக் கொடுத்தாள். நல்ல ரஸ்க்காகவே பார்த்துக் கொடுத்தாள்.

இன்று இவர் பாத்திரம் கழுவினார். கேட்காமல். என்ன வந்ததோ தெரியவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

ரோஜாப்பூ இல்லை. இவர் போனைத் தொடவில்லை. உப்புமா.

பிப்ரவரி 15, செவ்வாய்

விலாசினி கடைக் கண்ணாடி அலமாரியை யாரோ விடிகாலையில் கல்லால் உடைத்திருக்கிறார்கள். ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'புனலூர் பஸ் ரெடி. ஏறு.' கீழே பஸ் புறப்படுகிற நேரம் வேறு.

நடைக்குப் போன இவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அதை விரித்து வைத்துக்கொண்டு, "நேரம் தப்பு, உலகு. அந்த நேரத்துக்கு வண்டியே கெடையாது" என்றார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பஜார் பையன்கள் விலாசினி ஆட்டோ வந்தால் என் குரலைச் சத்தமாகப் போடுகிறார்களாம். அவள் மைக்கில் பேசப் பேச, நான் ஓடிப் போ, ஓடிப் போ என்கிறேன்.

பிப்ரவரி 16, புதன்

மத்தியானச் சாப்பாட்டில் இவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான்தான் அனுப்புனேன்."

"தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"கன்னத்துல வெட்டிக்கிட்டியள, அப்பலேருந்து."

எனக்குத் தெரியாமலா? ஹேக், கடைப் பெண் என்று இங்கே எழுதி எழுதி யாரை ஏமாற்றினேன்? அவருக்கு அனுப்பியது நான், அவர் எங்கே அனுப்புவார் என்பதும் எனக்குத் தெரியும். சின்னப்பிள்ளை மாதிரி, பூ கிடைத்தாலும் குரூப்பில் காட்டுவார், கல் கிடைத்தாலும் குரூப்பில் காட்டுவார்.

"கேவலமா எதுவும் நெனக்கல உலகு. எல்லாரும் அவனவன் பொண்டாட்டி ஜோக்குன்னு எதையாவது போடுதானுவ. எம் பொண்டாட்டி திட்டுத அழகக் கேளுங்கலேன்னு போட்டேன். முழுசாத்தான் போட்டேன். சத்தியமா முழுசாத்தான். அவனுவ சிரிச்சானுவ. மறுநாள் பாத்தா..."

"அன்னிக்கே எடுக்கச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். தேர்தல் முடியட்டும் அண்ணாச்சின்னான் ஜெயசிங். பெறகு அண்ணாச்சி வாழ்கன்னு ஒரு மாலை படம் போட்டான். நான்... அதுக்குப் பெறகு ஒண்ணும் சொல்லல."

அதுதான் என்னைக் கொன்றது. ஒரு மாலை படம். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்ற மனுஷருக்கு நான் ஒரு நாள் "நல்லா இருக்கியளா" என்று நின்று கேட்டிருந்தால் அந்த மாலை வேண்டியிருக்காது. கோபம் வந்த அளவுக்கு அவர் மேல் பாவமாகவும் வந்தது. எதைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியாமல் அழுதேன்.

"பேக்கரிக்குப் போனியே, விலாசினிட்ட நீ ஏன் எம் பேரச் சொல்லல?" என்றார்.

"சொல்லிட்டு? நீங்க தலையக் குனிஞ்சு நடக்கத நான் பாக்கணுமா?"

அவர் தட்டை இழுத்து, ஆறின சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

பிப்ரவரி 17, வியாழன்

பிரச்சாரத்துக்குக் கடைசி நாள். நாலு மணிக்கு இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, போனை எடுத்துக்கொண்டு, "வாட்டி" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. செருப்பைப் போட்டேன்.

பஜார் முக்கில் விலாசினி ஆட்டோ நின்றது. இருபது முப்பது பேர். வழக்கம்போல் என் குரலைப் போட ரெண்டு பேர் தயாராக இருந்தார்கள். இவர் நேரே போய் விலாசினியிடம், "மைக்கக் கொஞ்சம் தாம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல் அது. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"நான் சங்கரலிங்கம். செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தேன், எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரமா நீங்க கேக்கது எம் பொண்டாட்டி குரல். அவ யாருக்கும் குடுக்கல. எங்கிட்ட இருந்தத நான்தான் குரூப்புல போட்டேன். பெருமைக்குப் போட்டேன். அத வெட்டுன பெறகும் வாயத் தொறக்கல, அது எந் தப்பு. வெட்டுனவன் விட்டுட்டுப் போன மிச்சத்த இப்பம் கேளுங்க."

போனை மைக்கிடம் வைத்தார். என் குரல் பஜார் முழுக்க முதலிலிருந்து வந்தது. ஒருவாய் சோறு திங்காம எங்கட்டி அலையுத. எனக்குத் தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது. "எள்ளுத் தொவையல்" வந்ததும் வாழைக்காய்க் கடைக்காரி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் நாலைந்து பேர். எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப் பேர் சிரிக்கவில்லை, போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விலாசினி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள். இவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்து, "மன்னிச்சிரும்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் குரூப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். கிழட்டு நாய், துரோகி, பீரோவுக்குள்ள என்ன கிடைச்சுது. காலை வணக்கத்துக்கு 'சூப்பர்' போட்ட அதே ஆட்கள். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்று விடாமல் வாசித்தார். போனைப் பிடுங்கப் போனேன். "ஏட்டி, இரு. இது எனக்கு வரவேண்டியது" என்றார். கொஞ்ச நேரத்தில் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு அந்தச் சட்டையில் நன்றாக இருந்தார் என்று சொன்னேன். பொய் இல்லை.

பிப்ரவரி 19, சனி

ஓட்டுப் போட்டோம். யாருக்கென்று இவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பீரோவுக்குத்தான்.

பிப்ரவரி 22, செவ்வாய்

தளவாய் ஜெயித்தார். விலாசினி நாற்பத்தொரு ஓட்டில் தோற்றாள். பேக்கரி வாசலில் நின்று அரை மணி நேரம் வெடி போட்டார்கள். அவள் கடையைச் சாத்தவில்லையாம். உள்ளே பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாளாம்.

அந்தச் சின்னத் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முழுசை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 24, வியாழன்

தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இவர்தான் காலையில் பேக்கரிக்குப் போய் ரஸ்க் வாங்கும் சாக்கில், "வீட்ல இன்னிக்கு சொதி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒரு மணிக்கு விலாசினி வந்தாள். இவர் இலையைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. ஏ சவமே, தோத்தா கஞ்சி குடிக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான் என்று நெஞ்சுவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். என் காதில் சாவுக் கொட்டு கேட்டது. மூடிக்கொண்டேன். எத்தனை சொல் வைத்திருந்தேன், அத்தனையையும் அந்தப் படுபாவிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கென்று பேச ஒன்றுகூட மிச்சமில்லை.

சொதியை ஊற்றினேன். "சாப்பிடு, விலாசினி" என்றேன்.

அவள் கை இலையில் நின்றுவிட்டது. "எம் பேரச் சொல்லியா கூப்பிட்ட?" என்றாள்.

"பெறகு எதச் சொல்லிக் கூப்பிட?"

அவள் தலை நிமிரவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது. "எனக்கு ஒம்மேல இருந்த கோவம் மைக்குலயே தீந்துபோச்சு உலகு. அத்தான் மேலயும் போயிரும், கொஞ்ச நாளாவும். ஆனா ஒன் சத்தம் இருக்குல்லா... கடைக்குள்ள தனியா இருந்தாலும் கேக்கு. ஓடிப் போ, ஓடிப் போன்னு. நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும். காதுக்குத் தெரிய மாட்டங்கு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். வேறென்ன செய்ய.

"கொஞ்ச நாள் பேரச் சொல்லியே கூப்பிடு" என்றாள். "அந்தச் சத்தம் போவட்டும். போனதும் நானே வந்து சொல்லுதேன்."

"சரி, விலாசினி."

இரண்டாம் தடவை சோறு கேட்டாள், போட்டேன். அவள் போகும்போது வாசல்வரை போய், "போயிட்டு வா, விலாசினி" என்றேன். நாற்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் இன்றைக்கு மூன்று தடவை அவள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அழகான பெயர்தான். வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.